ரெண்டு பேரையும் கூட்டிட்டு வாங்க

பதுளைப் பக்கம் மின்சார வாகனம் வைத்திருக்கிற யாரைக் கேட்டாலும் சார்ஜர் அக்காவைத் தெரிந்திருக்கும். அவருடைய சொந்தப் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால், இப்போது வேலைக்குப் போயிருக்கிற மாலைதீவிலிருந்து ஃபோன் போட்டு, “முதலாளி, என்னைக் கேக்காம எப்படி எழுதுவீங்க? நான் உங்களைப் பத்தி எழுதவா?” என்று சண்டைக்கு வருவார். எழுதவும் கூடியவர்தான். என்னைவிட இருபது வயதாவது இளையவர். ஆனாலும் ஊரே அக்கா என்று கூப்பிடும்போது நான் மட்டும் தங்கச்சி என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கமாட்டாரோ என்ற பயத்தில் நானும் அக்கா என்றே பழகிவிட்டேன்.

எனக்குப் பதுளைக்குப் பக்கத்து ஹாலிஎலவில் ஒரு சாப்பாட்டுக் கடை. காலையில் ரொட்டி, கட்டைச் சம்பல், மத்தியானம் சோறு, சாயந்திரம் வடை. கார்க்காரர்கள் சார்ஜ் ஏறும் வரை உட்கார்ந்து சாப்பிடுவார்கள் என்று என் மகன் ஒரு யோசனை சொன்னான். அவன் பேச்சைக் கேட்டுக் கடை வாசலில் ஒரு சார்ஜரை நட்டேன். யோசனை நல்ல யோசனைதான். ஆனால் சார்ஜ் ஏறாவிட்டாலும் அவர்கள் உட்கார்ந்திருப்பார்கள், சாப்பிடமாட்டார்கள், என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்கள் என்பதை அவன் சொல்லவில்லை.

அப்படி ஒருநாள் ஒரு கார் சார்ஜ் ஏறாமல் முரண்டு பிடித்தது. கார்க்காரர் என்னைத் திட்டிவிட்டுப் போனார். நான் யாரிடமோ நம்பர் வாங்கி அக்காவுக்கு ஃபோன் போட்டேன்.

“கார்க்காரர் எங்க?” என்றார். வணக்கம்கூடச் சொல்லவில்லை.

“அவர் போயிட்டாருங்க. பழுது சார்ஜர்லதானாம்.”

“யாரு சொன்னது?”

“அவருதான்.”

“சரி, உங்க சார்ஜர் என்ன சொல்லுது?”

சார்ஜர் என்னிடம் எதுவும் சொன்னதில்லை.

“ஒரு பக்கம் மட்டும் கேட்டு நான் வேலை செய்ய மாட்டேங்க. ரெண்டு பேரையும் கூட்டிட்டு வாங்க” என்று சொல்லி ஃபோனை வைத்துவிட்டார்.

இதுதான் அக்கா. காரும் சார்ஜரும் பக்கத்தில் பக்கத்தில் நிற்க வேண்டும். அவற்றின் சொந்தக்காரர்களும் நிற்க வேண்டும். அதன் பிறகுதான் ஸ்கூட்டரிலிருந்து பையையே இறக்குவார். அந்த ஸ்கூட்டர் புகை கக்குகிற பழைய பெட்ரோல் ஸ்கூட்டர். “ஊர்ல உள்ள மின்சார வண்டிக்கெல்லாம் வைத்தியம் பாக்குறீங்க, நீங்க ஒண்ணு வாங்கக் கூடாதா?” என்று கேட்டேன். “வேலை செய்யிற இடத்துச் சண்டையை வீட்டுக்குக் கொண்டுபோக மாட்டேன் முதலாளி” என்றார்.

பழுது என்ற சொல்லே அவர் வாயில் வராது. ‘மனத்தாங்கல்’ என்பார். “இதுக்கும் அதுக்கும் ஏதோ மனத்தாங்கல். பேச்சு நடுவுல நின்னுபோச்சு. எங்க நின்னுச்சுன்னு பாப்போம்.” பிறகு பையிலிருந்து சின்னதாக ஒரு மீட்டரை எடுத்து மாட்டிவிட்டு, அதைப் பார்த்தபடியே இரண்டு பக்கத்துக்கும் தானே குரல் கொடுக்க ஆரம்பிப்பார். சார்ஜருக்குப் பங்களா காவல்காரர் மாதிரி கட்டைக் குரல். காருக்கு விருந்துக்கு வந்த மருமகன் மாதிரி கூச்சக் குரல்.

“யாருங்க அது வாசல்ல?”

“நாந்தாங்க, வந்திருக்கேன்.”

“வாங்க. நம்மகிட்ட இவ்வளவுதான் இருக்கு, பரவாயில்லையா?”

“போதுங்க. அதுக்குள்ள சாப்பிட்டுக்கிறேன்.”

“அப்ப இலையைப் போடுறேன்.”

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். அத்தனையும் உண்மையாம். சார்ஜர் எப்போதும் ஒரு மெல்லிய கம்பியில் பன்னிரண்டு வோல்ட்டை வைத்துக்கொண்டு காத்திருக்கும். கார் வந்து மாட்டியதும் அந்தப் பன்னிரண்டை ஒன்பதாக இறக்கும். வந்துவிட்டேன் என்று அர்த்தம். தன்னால் எவ்வளவு கொடுக்க முடியும் என்பதைச் சார்ஜர் அதே கம்பியில் துடிப்பாகச் சொல்லும். பசி இருந்தால் கார் ஒன்பதை ஆறாக இறக்கும். அந்த ஆறைக் கண்ட பிறகுதான் சார்ஜர் உள்ளே ‘டக்’ என்ற சத்தத்தோடு கரண்டைத் திறந்து விடும். இந்தப் பேச்சு முடியாமல் ஒரு சொட்டுக் கரண்ட்கூட வெளியே வராது. நம் வீட்டில் வந்தவரை வாங்க என்று கூப்பிடாமல் சோறு போடுவோமா, அதே மாதிரிதான் என்பார் அக்கா.

எனக்கு அவரிடம் பிடிக்காத குணமும் இதிலேதான் இருந்தது. எல்லாம் பார்த்து, சரியாக்கி, வண்டியில் சார்ஜ் ஏற ஆரம்பித்த பிறகு, “சரி, இப்பச் சொல்லுங்க, யார் மேல தப்பு?” என்று கேட்டால் வாயைத் திறக்கமாட்டார். “ரெண்டு பேரும் நல்லவங்கதான்” என்று சொல்லிவிட்டு வடையைக் கேட்பார். நான் கடைக்காரன். பால் திரிந்தால் பால்காரர் மேல் தப்பா, சட்டியைக் கழுவியவர் மேல் தப்பா என்று தெரிந்தால்தான் எனக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்கும். நானே சரி என்று தெரிந்திருந்தும் ஒருவர் அதை வாய் திறந்து சொல்லாமல் என் கடை வடையையே தின்றுகொண்டிருந்தால் எப்படி இருக்கும்?

பதுளை நகைக்கடைக்காரர் ஒருவர் என் வாசலில் வந்து நின்று போட்ட கூச்சல் இன்னும் காதில் இருக்கிறது. அவருடைய கார் ஜப்பானில் ஓடி இங்கே வந்தது. உள்ளே திரையில் இருக்கிற எழுத்தெல்லாம் ஜப்பான் எழுத்து. கார் வாங்கிய நாளிலிருந்து அதை ஒருவரும் வாசித்ததில்லை. கன்னை மாட்டினார். துப்பாக்கி மாதிரி இருப்பதால் சார்ஜரின் முனையை எல்லோரும் கன் என்றுதான் சொல்வார்கள். மாட்டினால் விளக்கு ஒன்று கண்ணைச் சிமிட்டிவிட்டு அடங்கிவிட்டது. “ஏமாத்து சார்ஜர்! ஏமாத்து சார்ஜர்!” என்று அவர் கத்தியதில் பஸ்ஸுக்கு நின்றவர்களெல்லாம் கூடிவிட்டார்கள்.

அக்கா வந்து மீட்டரை மாட்டினார். ஒன்பதில் நின்றது, ஆறுக்கு இறங்கவே இல்லை. கூச்சக் குரலில் சொன்னார்: “வந்திருக்கேங்க. ஆனா இப்ப வேணாம்.” கட்டைக் குரலில் கேட்டார்: “ஏங்க, வீட்டுல சாப்பிட்டீங்களா?” பிறகு காருக்குள் ஏறித் திரையில் எதையோ நாலு தட்டுத் தட்டினார். அந்த ஜப்பான் எழுத்துகளில் தனக்கு வேண்டியதை மட்டும் அவர் உருவத்தை வைத்தே மனப்பாடம் பண்ணி வைத்திருந்தார். முன்னே இருந்த ஜப்பான்காரர் நடுச்சாமத்தில் மட்டும் ஏற்ற வேண்டும் என்று நேரம் குறித்து வைத்திருக்கிறார். கார் அந்தச் சொல்லை இங்கே வந்தும் தட்டவில்லை. நகைக்கடைக்காரர் அதுவரை வீட்டில் ராத்திரியில்தான் மாட்டியதால் அது தெரியாமலே இருந்திருக்கிறது. “மனத்தாங்கல்கூட இல்லைங்க. வண்டி விரதம் இருந்திருக்கு. முடிச்சு வச்சிட்டேன்” என்றார் அக்கா. டக் என்று சத்தம் கேட்டது. நகைக்கடைக்காரரே சிரித்துவிட்டார். சிரித்துக்கொண்டே ஆறு ரொட்டி சாப்பிட்டார்.

பசறைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்துப் பங்களாவில் வெயில் காலத்தில் மட்டும் சார்ஜர் மறுக்கும், மழை வந்தால் சரியாகிவிடும். விடுமுறைக்கு வருகிறவர்கள் காரைக் குறை சொல்ல, கார் விற்றவர்கள் பங்களாவைக் குறை சொல்ல, கடைசியில் அக்காவைக் கூப்பிட்டார்கள். அவர் சுவரோரம் மண்ணில் இறக்கியிருந்த எர்த் கம்பியைப் பார்த்தார். மண் காய்ந்து வெடித்துக் கிடந்தது. “ரெண்டு பேரும் பேசுறப்ப பூமி சாட்சியா நிக்கணும். சாட்சிக்காரரு தொண்டை காஞ்சு கிடக்காரே” என்றார். ஆழமாக வேறு கம்பி இறக்கும் வரைக்கும், பங்களா சமையல்காரர் பாத்திரம் கழுவுவதும் காவல்காரர் குளிப்பதும் அந்தக் கம்பிப் பக்கத்தில்தான் என்று உத்தரவு போட்டுவிட்டு வந்தார். காவல்காரர் சுத்தமாகிவிட்டார் என்று தோட்டம் முழுக்கப் பேச்சு.

என் மனைவிக்கு அக்காவைப் பார்த்தால் கல்யாணப் பேச்சு வந்துவிடும். ஒருநாள் நேராகவே கேட்டுவிட்டார். அக்கா பால் விடாத இஞ்சி பிளேன்டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார்: “ஒரு தடவை பாக்க வந்தாங்கக்கா. மாப்பிள்ளையோட அம்மா, பொண்ணு வேலைக்குப் போறதுல எங்களுக்கு விருப்பமில்லைன்னாங்க. மாப்பிள்ளை அப்பவே வெளியில போய் ஃபோன் பேசுறாரு. நான், அவரையும் உள்ள கூப்பிடுங்க, அவரு வாயால கேக்கணும்னேன். ரெண்டு பேரையும் ஒண்ணா உக்கார வச்சா அவங்களுக்குள்ளேயே சண்டை வந்திருச்சு. பலகாரத்தைக்கூடச் சாப்பிடாமப் போயிட்டாங்க.” சொல்லிவிட்டு, அந்தப் பலகாரம் வீணாகவில்லை என்றும் சொன்னார்.

இனி தவராசா கதைக்கு வருகிறேன். அக்காவை நினைத்தால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அதுதான்.

தவராசா ஹாலிஎலவுக்கு மேலே இருக்கிற ஒரு தோட்டத்துப் பிள்ளை. கொழும்பில் ஒரு ஹோட்டலில் பல வருடம் வேலை செய்தவர். மனைவியும் இரண்டு பெண் பிள்ளைகளும் மாமியாரும் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில் ஒன்றில். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வந்து போகிற அப்பாவாகவே இருந்தார். சின்ன மகள் அவரை விருந்தாளி மாதிரி ஒதுங்கி நின்று பார்த்தாளாம். அதைத் தாங்கமுடியாமல்தான் கொழும்பை விட்டுவிட்டு வந்து, ஜப்பானில் ஓடிய ஒரு சின்ன மின்சார வேனை எடுத்தார். தோட்டத்துப் பிள்ளைகளைக் காலையில் ஹாலிஎல பாடசாலைக்குக் கொண்டுவந்து விட வேண்டும், பாடசாலை விட்டதும் ஏற்றிக்கொண்டு மேலே போக வேண்டும். தோட்டத்துப் பெற்றோர்கள் கூடி அந்த வேலையை அவருக்குக் கொடுத்தார்கள்.

லயத்துக்கு வருகிற கரண்டில் வேனை மாட்டினால் பக்கத்து வீட்டு விளக்கெல்லாம் மங்கிவிடும். அதனால் பாடசாலை நடக்கிற நேரத்தில் என் கடைச் சார்ஜரில் ஏற்றிக்கொள்வதாக ஏற்பாடு. முதல் சில நாள் நன்றாக ஏறியது. பிறகு ஒருநாள் ஏறும், ஒருநாள் ஏறாது. பிறகு ஏறவே இல்லை. தவராசா பதுளைக்கு ஓடிப்போய் அங்கே ஏற்றிக்கொண்டு வந்தார். அங்கே எப்போதும் வரிசை. ஒருநாள் அவர் வந்து சேர்வதற்குள் பிள்ளைகள் பாடசாலை வாசலில் மழையில் நனைந்துகொண்டு நின்றார்கள். தோட்டத் தலைவர் வீட்டுப் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்துவிட்டது.

தலைவர் ஒரு முடிவு சொன்னார். வெள்ளிக்கிழமை தானே வந்து பார்ப்பார். வேன் ஹாலிஎலவில் ஏறினால் சரி. ஏறாவிட்டால் திங்கட்கிழமையிலிருந்து பிள்ளைகள் டீசல் வேனில் போவார்கள். அந்த வேலை போனால் தவராசா வேனை விற்றுவிட்டுத் திரும்பவும் கொழும்புக்குத்தான் போக வேண்டும். வேறு வழி இல்லை.

இதற்குள் எனக்கும் தவராசாவுக்கும் பேச்சு நின்றுபோயிருந்தது. “உங்க சார்ஜர்தான் கோளாறு. பதுளையில ஏறுதே” என்றார் அவர். “என் சார்ஜர்ல மத்த கார் எல்லாம் ஏறுதே தம்பி, உன் வேனுக்கு மட்டும் என்ன வந்துச்சு?” என்றேன் நான். இரண்டு பேரும் சொன்னது உண்மைதான். அதனால் கோபம் இன்னும் கூடிவிட்டது. அக்கா வழக்கம்போல இருவரையும் ஒன்றாக நிற்கச் சொன்னார். நான் மாட்டேன் என்றேன். தவராசாவும் மாட்டேன் என்றாராம். வேறு வழியில்லாமல் அக்கா முதல் தடவையாகத் தன் வழக்கத்தை விட்டுக்கொடுத்துத் தனித்தனியாகப் பார்த்தார்.

அவரிடம் இரண்டு சின்னப் பெட்டிகள் இருந்தன. ஒன்று பொய்க்கார். சார்ஜரில் மாட்டினால் அசல் காரைப் போலப் பதில் சொல்லும். இன்னொன்று பொய்ச் சார்ஜர். என் சார்ஜரில் பொய்க்காரை மாட்டினார். பன்னிரண்டு, ஒன்பது, ஆறு, டக். “பாத்தீங்களா!” என்று நான் கடை அதிரக் கத்தினேன். பிறகு தோட்டத்துக்கு ஏறிப்போய் வேனில் பொய்ச் சார்ஜரை மாட்டினார். அங்கேயும் பேச்சு ஒழுங்காகவே நடந்தது. தவராசாவும் லயம் அதிரக் கத்தியிருப்பார்.

திரும்பி வந்த அக்கா வடை கேட்கவில்லை. “ரெண்டும் நல்லா இருக்கு முதலாளி. அதுதான் பயமா இருக்கு” என்றார். அவர் முகம் அப்படி இருந்து நான் பார்த்ததில்லை. “நான் ஒண்ணா வச்சுப் பாத்திருக்கணும். வெள்ளிக்கிழமை நீங்க ரெண்டு பேரும் மூஞ்சியத் தூக்கிக்கிட்டு நின்னாலும் பரவாயில்ல, ஒரே இடத்துல நிக்கணும்.”

வெள்ளிக்கிழமை பிள்ளைகளைப் பாடசாலையில் இறக்கிவிட்டு வேன் என் கடைக்கு வந்தது. தவராசா இறங்கினார். தோட்டத் தலைவர் இறங்கினார். பின்னால் தவராசாவின் மாமியார் மாரியாயி ஒரு வெண்கலக் கிண்ணத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு இறங்கினார். அவருடைய தம்பிதான் தோட்டத்துக் கோயில் பூசாரி. நான் தலைவரை உள்ளே கூட்டிக்கொண்டுபோய் ரொட்டியும் பருப்பும் வைத்துவிட்டு வாசலுக்கு வந்தேன். தவராசா ஒரு பக்கம் பார்த்தார், நான் ஒரு பக்கம் பார்த்தேன். நடுவில் அக்கா.

“மாட்டுங்க பாப்போம்” என்றார் அக்கா.

“கொஞ்சம் பொறு ஆத்தா” என்றார் மாரியாயி. வேனின் சார்ஜ் வாயைத் திறந்தார். உள்ளே ஐந்து ஓட்டைகள். கிண்ணத்தில் விரலை விட்டுக் குழைத்த சந்தனத்தை எடுத்து, ஐந்து ஓட்டைக்கும் ஐந்து பொட்டு அழுத்தி வைத்தார். மேலே குங்குமம். கண்ணை மூடிக் கும்பிட்டார்.

அதே நேரத்தில் கடைக்குள்ளிருந்து என் மனைவி வந்தார். வெள்ளிக்கிழமை அல்லவா. கல்லாப்பெட்டிக்கு, தராசுக்கு, அடுப்புக்கு எல்லாம் பொட்டு வைத்துவிட்டுக் கடைசியாகச் சார்ஜருக்கு வருவது அவர் வழக்கம். கன்னைக் கையில் எடுத்தார். அதன் முகத்திலும் ஐந்து ஓட்டைகள். ஐந்து பொட்டு.

அக்கா இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். ஸ்கூட்டர் இருக்கையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

“எத்தனை நாளாம்மா இப்படி வைக்கிறீங்க?” என்றார் மாரியாயியிடம்.

“வேன் வந்த அன்னைக்கு என் தம்பி பூசை போட்டு வச்சான். அப்புறம் ஒருநாள் ஏறாமப் போச்சு. கண்ணு பட்டிருச்சுன்னு நானே வச்சேன். அதுக்கப்புறம் ஏறாத அன்னைக்கெல்லாம் வைக்கிறேன். பதுளையில ஏறுனா அதுவும் இந்தச் சந்தனத்தாலதான்.”

“நீங்கக்கா?”

“நானும் வெள்ளிக்குத்தான் வச்சேன். இந்த வேன் ஏறாம ரெண்டு பேருக்கும் சண்டை வந்ததுல இருந்து தினமும் வைக்கிறேன்” என்றார் என் மனைவி.

அக்கா கன்னை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். கரண்ட் போகிற பெரிய ஓட்டைகளில் சந்தனம் ஓரத்தில்தான் ஒட்டியிருந்தது. பேச்சுக்கென்று இருக்கிற இரண்டு சின்ன ஓட்டைகளும் அடைத்துப்போயிருந்தன. வேனிலும் அதே கதிதான். ஒரு பக்கம் மட்டும் சந்தனம் இருந்தால் எதிரே வருகிற சுத்தமான ஊசி அதைக் கீறிக்கொண்டு எப்படியோ தொட்டுவிடும். அதனால்தான் பதுளையில் வேன் ஏறியது, என்னிடம் மற்றக் கார்கள் ஏறின, பொய்க்காரும் பொய்ச் சார்ஜரும் ஏமாந்தன. வெளியே தெரிகிற பொட்டு மாட்டிக் கழற்றுகிறபோதே உதிர்ந்துவிடும், உள்ளே போனதுதான் தங்கிவிடும் என்பதால் அதுவரை யார் கண்ணிலும் படவில்லை. இரண்டு பக்கமும் சந்தனம் என்றால் நடுவில் மண் சுவர் எழுப்பின மாதிரி. ஏறாதபோதெல்லாம் இரண்டு வீட்டிலும் பக்தியோடு சுவரை இன்னும் கொஞ்சம் தடிப்பாக்கியிருக்கிறார்கள்.

மாரியாயிக்குப் புரிந்துவிட்டது. “நானா பண்ணேன்?” என்றார் மெதுவாக. “என் மருமகனை நானா கொழும்புக்கு அனுப்பப் பாத்தேன்?”

எனக்கு அந்த அம்மாவைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது, மறுபக்கம் ‘நான் சொன்னேனே’ என்ற வார்த்தை நாக்கு நுனியில் வந்தும் நின்றது. வாயைத் திறந்தேன். என் மனைவி என் காலை நன்றாக மிதித்தார். அவருடைய சந்தனமும் அதில் பாதி என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

அக்கா எழுந்து மாரியாயி பக்கத்தில் போனார். கட்டைக் குரலை எடுத்தார். “ஆத்தா, பொட்டு வைங்க, வேணாங்கல. ஆனா வாயில வச்சா நான் எப்படி விருந்தாளியை வாங்கன்னு கூப்பிடுறது? நெத்தியில வைங்க ஆத்தா.” பிறகு கூச்சக் குரலில், “எனக்குந்தாங்க பாட்டி. வாயெல்லாம் சந்தனம்.” மாரியாயி அழுகையும் சிரிப்புமாக அக்காவின் கையில் ஒரு தட்டுத் தட்டினார். வேனுக்கு நெற்றி எது என்று கொஞ்சநேரம் ஆராய்ச்சி நடந்தது. முன் கண்ணாடிக்குக் கீழே என்று முடிவானது.

காது குடையும் பஞ்சுக் குச்சியில் ஸ்பிரிட்டைத் தொட்டு அக்கா ஒவ்வொரு ஓட்டையாகச் சுத்தம் செய்தார். நான் கன்னைப் பிடித்தேன், தவராசா வேனின் மூடியைப் பிடித்தார். அவ்வளவு பக்கத்தில் நின்று ஒருவரை ஒருவர் பார்க்காமல் இருப்பது பெரிய கஷ்டம். குச்சியில் மஞ்சளாக வந்துகொண்டே இருந்தது. காய்ந்ததும் மாட்டினார். டக்.

அந்தச் சத்தத்தைக் கேட்டுத் தலைவர் கையைக் கழுவிக்கொண்டு வெளியே வந்தார். விளக்கைப் பார்த்தார். கழற்றி மறுபடி மாட்டச் சொன்னார். மறுபடி டக். இன்னொரு தடவை மாட்டச் சொன்னார். டக்.

“என்ன பழுது இருந்துச்சு?” என்றார் அக்காவிடம். தோட்டத்துக்கே பதில் சொல்ல வேண்டியவர். வேலைக்குப் பெயர் கொடுக்கிற பெரட்டுக் களத்தில் நாளைக் காலையில் எல்லோரும் கேட்பார்கள்.

மாரியாயி தலையைக் குனிந்துகொண்டார். அவர் சந்தனத்தால்தான் பிள்ளைகள் மழையில் நனைந்தார்கள் என்று ஒரு வார்த்தை வெளியே போனால், மறுநாள் கொழுந்து எடுக்கிற மலையெல்லாம் அதே பேச்சாக இருக்கும். பூசாரித் தம்பிக்கும் தலைகுனிவு.

“பழுது இல்லைங்க, மனத்தாங்கல்தான். தீந்திருச்சு” என்றார் அக்கா.

“சரி, தப்பு யார் மேல? வேனா, சார்ஜரா?”

“ரெண்டு பேரும் நல்லவங்கதாங்க. ஒருத்தருக்கொருத்தர் கொஞ்சம் கூடுதலா மரியாதை குடுத்துக்கிட்டாங்க. அதுல பேச்சு வரலை.”

தலைவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மீட்டரில் எண் ஓடிக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்தார். எத்தனையோ தடவை யார் மேல் தப்பு என்று கேட்டு அக்காவின் உயிரை வாங்கிய நான், “அவ்வளவுதாங்க தலைவரே” என்று சொல்லிவிட்டு அவருக்குப் பிளேன்டீ கொண்டுவரப் போய்விட்டேன். வாழ்க்கையில் எனக்குத் தெரிந்த ஒன்றைச் சொல்லாமல் இருந்தது அதுதான் முதல் தடவை என்று என் மனைவி இன்றைக்கும் சொல்வார்.

தலைவர் தேநீரைக் குடித்து முடித்துவிட்டு, “திங்கக்கிழமை காலையில பிள்ளைங்க லயத்தடியில நிப்பாங்க. நேரத்துக்கு வந்துரு” என்று தவராசாவிடம் சொன்னார். அவ்வளவுதான் சொன்னார். மாரியாயி கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டு கடை வாசல்படியில் உட்கார்ந்து என் மனைவியோடு பேச ஆரம்பித்துவிட்டார்.

அக்கா பையைக் கட்டித் தலைக்கவசத்தை மாட்டினார். தவராசா வேன் துடைக்கிற துணியும் கையுமாக அவர் பின்னாலேயே போனார். நானும் சார்ஜரைத் துடைக்கிற சாக்கில் அந்தப் பக்கம் நகர்ந்தேன்.

“அக்கா, யார் காதிலயும் விழாது. எங்கிட்ட மட்டும் சொல்லுங்க. சத்தியமா எது காரணம்? எங்க மாமி சந்தனமா, முதலாளி வீட்டுச் சந்தனமா?”

அக்கா தலைக்கவசத்தின் கண்ணாடியை மேலே தூக்கினார்.

“திங்கக்கிழமை பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைங்களை லயத்துல இறக்கிவிட்டுட்டு எங்க போவீங்க?”

“வீட்டுக்கு.”

“ராத்திரிச் சோறு?”

“வீட்டுலதான்.”

“சின்னவ தூங்குறதுக்கு முன்னாலயா, பின்னாலயா?”

தவராசா வாயைத் திறந்தார். “முன்னால” என்று சொல்லத்தான் பார்த்தார். பாதிதான் வந்தது. வேன் துடைக்கிற துணியால் முகத்தை மூடிக்கொண்டு, தோள் குலுங்க, அங்கேயே நின்றார்.